மூச்சடைத்தால் வேகம் கூடும் மோட்டார்

மயிலாப்பூர் கச்சேரி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அந்த மிக்ஸி ரிப்பேர் கடை இருந்தது. உள்ளே இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாமவர் தெருவில்தான் நிற்க வேண்டும். எரிந்துபோன ஆர்மேச்சர்களைக் கம்பியில் கோத்துச் சுவர் முழுக்கத் தொங்கவிட்டிருந்தார் கடைக்காரர். எங்கள் வீட்டு வாக்குவம் கிளீனரை ஆட்டோவில் வைத்து அவரிடம் கொண்டுபோனேன்.

"என்ன சார் கம்ப்ளெய்ன்ட்?"

"ஓடுது. ஆனா கார்ப்பெட்ல இழுக்க மாட்டேங்குது. மோட்டாரை இன்னும் கொஞ்சம் ஸ்பீடா ஓட வைக்க முடியுமா?"

அவர் பதில் சொல்லாமல் பிளக்கைச் சொருகி ஸ்விட்சைப் போட்டார். ஹோஸின் வாயைத் தூக்கி உள்ளங்கையால் அடைத்தார். மெஷின் வீறிட்டது. கையை எடுத்தார், குரல் இறங்கியது. மறுபடி அடைத்தார், மறுபடி ஏறியது.

"பாத்தீங்களா சார்? மூச்சை அடைச்சா ரெய்ஸ் ஆவுது. கார்ப்பெட்ல இதுதான் நடக்குது. ஸ்பீடுல கொறை இல்ல, காத்துலதான் கொறை."

அவர் உள்ளங்கையால் காட்டியதை முழுதாகப் புரிந்துகொள்ள எனக்குப் பல வாரம் பிடித்தது.

ஹோஸை அடைத்தால் மெஷின் திணறிக் கத்துகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மை நேர் எதிர். இதைச் சோதிக்க வாக்குவம் கிளீனர்கூட வேண்டாம், சமையலறைக்குப் போனால் போதும். வெறும் ஜாரில் மிக்ஸியை ஒரு நொடி ஓட்டிப் பாருங்கள், கீச்சென்று கத்தும். தேங்காயும் பொட்டுக்கடலையும் போட்டு அரைக்கத் தொடங்கியதும் குரல் இறங்கும். வேலை வந்தால் வேகம் குறைகிறது, வேலை போனால் ஏறுகிறது. வாக்குவம் கிளீனருக்குள் இருக்கும் விசிறியின் வேலை காற்றை அள்ளி வெளியே எறிவது. ஹோஸை அடைத்துவிட்டால் அள்ளுவதற்குக் காற்று வருவதில்லை. உள்ளே இருக்கும் சொற்பக் காற்று விசிறியோடு சேர்ந்து சும்மா சுற்றுகிறது. வெறும் ஜார் நிலைதான்.

மிக்ஸியிலும் வாக்குவம் கிளீனரிலும் இருப்பது ஒரே குடும்பத்து மோட்டார். யுனிவர்சல் மோட்டார் என்பது அதன் பெயர். ஏசி, டிசி இரண்டிலும் ஓடும் என்பதால் வந்த பெயர். பக்கத்திலேயே இருக்கும் வெட் கிரைண்டரில் இருப்பது வேறு சாதி, இண்டக்‌ஷன் மோட்டார். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அலைகிறது. இண்டக்‌ஷன் மோட்டார் அந்த அலையின் பின்னாலேயே ஓடுவது. ஆகவே நிமிடத்துக்கு 3000 சுற்றைத் தாண்ட அதனால் முடியாது. இட்லி மாவுக்கு அது போதும், போதுமென்ன, அந்த நிதானம்தான் மாவு சூடாகாமல் காக்கிறது. ஆனால் கைக்கடக்கமான விசிறி ஒன்றை வைத்துக் காற்றை உறிஞ்ச வேண்டுமானால் நிமிடத்துக்கு இருபதாயிரம், முப்பதாயிரம் சுற்று வேண்டும். அதற்கு யுனிவர்சல் மோட்டார்தான் வழி. பேட்டரியில் ஓடும் புது மெஷின்கள் மின்னணுச் சுற்றின் உதவியால் இதையும் தாண்டிவிட்டன. 2018-ல் வந்த டைசன் வி10 மோட்டார் நிமிடத்துக்கு 1,25,000 சுற்று வரை ஓடுகிறது.

யுனிவர்சல் மோட்டாருக்கு இவ்வளவுதான் வேகம் என்று யாரும் வரம்பு கட்டவில்லை. மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சர் சுற்றச் சுற்ற அதற்குள் எதிர் மின்னழுத்தம் ஒன்று பிறக்கிறது. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை அது எதிர்த்துத் தள்ளுகிறது. வேகம் கூடினால் எதிர்ப்பு கூடும், மின்னோட்டம் குறையும், திருப்பும் விசை தளரும். சுமைக்குத் தேவையான விசையும் மோட்டார் தரும் விசையும் எந்த வேகத்தில் சமமாகிறதோ அங்கே வந்து நிலைகொள்கிறது. சுமையைக் குறைத்தால் அந்தச் சமநிலைப் புள்ளி மேலே நகர்கிறது. என் காதில் விழுந்தது வெறும் சத்தம் இல்லை, அந்தப் புள்ளி நகரும் ஓசை.

எவ்வளவு நகர்ந்தது? மயிலாப்பூர்க்காரர்களுக்கு இதை அளக்கத் தனிக் கருவி வேண்டாம். கர்நாடக சங்கீதத்தில் ஸட்ஜத்திலிருந்து சதுஸ்ருதி ரிஷபத்துக்குப் போகும்போது அதிர்வு எண் எட்டுக்கு ஒன்பது என்ற விகிதத்தில் ஏறுகிறது, அதாவது 12.5 சதவீதம். விசிறியின் குரல் அதன் சுற்று வேகத்தோடு நேராக இணைந்தது. நொடிக்கு 500 முறை சுற்றும் விசிறியில் 9 இதழ்கள் இருந்தால் 4500 அதிர்வு. ஆகவே ஹோஸைத் திறந்து வைத்தபோது கேட்ட குரலை ஸட்ஜமாகப் பிடித்துக்கொண்டு, அடைத்ததும் அது ரிஷபத்துக்குப் போனால் வேகம் எட்டில் ஒரு பங்கு கூடியிருக்கிறது என்று அர்த்தம். அந்தர காந்தாரத்தைத் தொட்டால் நாலில் ஒரு பங்கு. டிசம்பர் சீசனுக்கு ஓர் இடமும் விடாமல் சபா சபாவாக ஏறி இறங்கும் காதுகள் இந்த ஊரில் எத்தனையோ உண்டு. அவை ஒவ்வொன்றும் ஒரு சுழல்வேகமானி. காது போதாதென்றால் ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் செயலி எந்தக் கைபேசியிலும் கிடைக்கும்.

ஸட்ஜத்திலிருந்து ரிஷபத்துக்குப் போக இரண்டு வழி இருக்கிறது. ஒன்று மூச்சை அடைப்பது. அப்போது மோட்டார் இழுக்கும் மின்சாரம் குறைகிறது, அள்ளும் காற்றும் குறைகிறது. இன்னொன்று, காற்றுப் பாதையை அப்படியே விட்டுவிட்டு மோட்டாரை வலிய விரட்டுவது. நான் கடைக்காரரிடம் கேட்டது இந்த இரண்டாவது.

அது முடியாத காரியம் இல்லை. மிக்ஸியின் 1, 2, 3 என்ற குமிழ் பல மாடல்களில் செய்வது இதைத்தான். காந்தப்புலத்தை உண்டாக்கும் ஃபீல்டு காயிலில் சில இடங்களில் கம்பியை வெளியே இழுத்து வைத்திருப்பார்கள். குமிழைத் திருகினால் மின்சாரம் ஓடும் சுற்றுகள் குறையும், காந்தப்புலம் பலவீனமாகும். புலம் பலவீனமானால் அதே எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்க ஆர்மேச்சர் இன்னும் வேகமாகச் சுற்றியாக வேண்டும். "காயில்ல சுத்தைக் கொறைச்சா ஓடும் சார்" என்று கடைக்காரரும் ஒப்புக்கொண்டார். "ஆனா எத்தினி நாளு ஓடும்னு கேக்காதீங்க."

அவர் தயங்கியதன் கணக்கு இது. ஒரு விசிறியின் வேகத்தைக் கூட்டினால் காற்றின் அளவு அதே விகிதத்தில்தான் கூடும். உறிஞ்சும் அழுத்தம் வேகத்தின் வர்க்கமாகக் கூடும். அதற்குத் தர வேண்டிய சக்தியோ வேகத்தின் கனமாகக் கூடும். ரிஷபத்துக்கு ஏற்றினால் காற்று 12.5 சதவீதம் அதிகம், அழுத்தம் 27 சதவீதம் அதிகம், சக்தி 42 சதவீதம் அதிகம். ஒரு ஸ்வரம் ஏற 42 சதவீதம்! அதில் ஒரு பகுதி சூடாக மாறி அந்தக் கம்பிச் சுற்றுகளுக்குள்ளேயே தங்கும். ஆர்மேச்சருக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேயும், அது உரசும் கம்யூடேட்டரில் பொறி பறக்கும்.

சூட்டைக்கூடச் சமாளிக்கலாம், என்னைப் பயமுறுத்தியது விசிறிதான். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள விசிறி நிமிடத்துக்கு 30,000 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு நொடிக்கு 157 மீட்டர் வேகத்தில் போகிறது, மணிக்கு 565 கிலோமீட்டர். அங்கே வெளிநோக்கி இழுக்கும் விசை புவியீர்ப்பைப்போல் ஐம்பதாயிரம் மடங்கு. விளிம்பில் ஒரு கிராம் உலோகம் இருந்தால், அதில் ஓர் அரிசி மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டது போல, 50 கிலோ பாரம் இழுக்கிறது. ரிஷபத்துக்கு ஏற்றினால் அது 63 கிலோ. மெல்லிய அலுமினியத் தகட்டில் செய்த விசிறி அது. எந்த வேகத்துக்கு வடிவமைத்தார்களோ அதற்கு மேல் போக வைப்பவர், அது எப்போது எங்கே கிழியும் என்று தெரியாமல் அதன் பக்கத்தில் நிற்கிறார்.

இதே விபரீதம் வேறு வழியாக வருவதும் உண்டு. அடையாறில் என் நண்பர் வீட்டுக்கு அமெரிக்காவிலிருந்து திரும்பிய மகன் தன் மெஷினையும் கப்பலில் அனுப்பியிருந்தான். 120 வோல்ட் மெஷின். பின் பொருந்துவதற்காக ஓர் அடாப்டரைப் போட்டு நேரே நம் சுவரில் சொருகிவிட்டான். அடாப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜைத் தொடாது. குரல் நாலைந்து நொடிக்குள் எங்கோ ஏறி, நீல வெளிச்சம் ஒன்று அடித்து, எரிந்த வார்னிஷ் வாசனையோடு அடங்கியது. இண்டக்‌ஷன் மோட்டார் என்றால் 60 ஹெர்ட்ஸா 50 ஹெர்ட்ஸா என்று கவலைப்பட வேண்டும். யுனிவர்சல் மோட்டாருக்கு அந்தக் கவலை இல்லை, வோல்டேஜ்தான் அதன் உயிர். அந்த மெஷினும் கச்சேரி சாலைச் சந்துக்குத்தான் வந்தது. ஆர்மேச்சரையும் ஃபீல்டு காயிலையும் பிரித்து, முன்பைவிட மெல்லிய கம்பியில் இரண்டு மடங்கு சுற்றுச் சுற்றி 230 வோல்ட்டுக்கு மாற்றித் தந்தார் கடைக்காரர். நான் பார்த்ததிலேயே முறையான மாற்றம் அதுதான். வேகத்தைக் கூட்டவில்லை, பழைய வேகத்தைப் புது வோல்டேஜில் மீட்டுக் கொடுத்தார்.

அந்த மெஷினை ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு இரவல் வாங்கி வந்தேன். எங்கள் கம்பளம் ஸ்ரீநகரில் வாங்கியது, கூடத்து மொசைக் தரையில் கிடக்கிறது. காலையில்தான் என் மெஷினால் இரண்டு முறை இழுத்திருந்தேன். சுத்தம் என்று நம்பிய அந்தக் கம்பளத்திலிருந்து இரவல் மெஷின் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி ஒன்றை அள்ளிக்கொண்டே இருந்தது. உறிஞ்சும் பலத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. ஒரே வேற்றுமை, அதன் வாயில் சுழலும் உருளை ஒன்று இருந்தது. மயிர்க்கற்றைகள் பதித்த அந்த உருளையை மோட்டார் ஒரு பெல்ட்டால் சுற்றுகிறது. அது கம்பளத்தை அடிக்கிறது.

அடி ஏன் வேண்டும்? மொசைக் தரையில் கிடக்கும் தூசியின் மேல் காற்று நேராகப் பாய்கிறது. 32 மில்லிமீட்டர் ஹோஸில் நொடிக்கு 25 லிட்டர் காற்று போனால் அதன் வேகம் மணிக்கு 110 கிலோமீட்டரைத் தாண்டும், புயல் காற்றின் வேகம். ஆனால் எந்தப் பரப்பை ஒட்டியும் காற்று கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. மெரினாவில் நிற்கும்போது முகத்தில் அடிக்கும் காற்று, மணலில் படுத்துவிட்டால் அடங்கிவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். கம்பளத்தின் ஒவ்வோர் இழையைச் சுற்றியும் அப்படி ஓர் அடங்கிய காற்றுறை இருக்கிறது. பெரிய மணல் உருண்டை அதைத் தாண்டித் தலை நீட்டும், காற்று பிடித்து இழுத்துவிடும். நுண்துகள் முழுசாக அதற்குள் ஒளிந்துகொள்ளும். துகளின் விட்டம் பாதியானால் இழையோடு அது ஒட்டும் விசை பாதியாகிறது. காற்று அதைப் பிடித்து இழுக்கும் விசையோ கால்வாசியாகிவிடுகிறது. துகள் சிறுக்கச் சிறுக்க ஒட்டுதல்தான் ஜெயிக்கும். வேகத்தை எட்டில் ஒரு பங்கு கூட்டி இந்தச் சண்டையை வெல்ல முடியாது. இழையை உதறி, துகளை அதிலிருந்து பிரித்துக் காற்றின் நடுவே எறிய வேண்டும்.

இதைத்தான் நம் பாட்டிமார் செய்தார்கள். கல்யாணத்துக்கும் கச்சேரிக்கும் விரித்த பவானி ஜமக்காளத்தை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் போட்டுக் கழியால் சாத்துவார்கள். அடிக்கும்போது துணி திடீரென்று நகர்கிறது, தூசி தன் ஜடத்துவத்தால் அங்கேயே நின்றுவிடுகிறது, கடற்காற்று அதைக் கொண்டுபோகிறது. பிரிப்பது கழி, எடுத்துச் செல்வது காற்று. வேலையை இரண்டாகப் பகிர்ந்த நல்ல பொறியியல் அது.

மேல்நாட்டிலும் கதை இப்படித்தான் போயிற்று. 1901-ல் லண்டன் பொறியாளர் ஹூபர்ட் செசில் பூத், தூசியை ஊதித் தள்ளுவதை விட்டு உறிஞ்ச வேண்டும் என்று கண்டார். உணவகத்து இருக்கையின் மேல் கைக்குட்டையை விரித்து வாயால் உறிஞ்சி, தொண்டை அடைத்து இருமினார். கைக்குட்டையின் மறுபக்கம் படிந்த கறைதான் அவருக்குச் சான்று. அவர் செய்த மெஷினைக் குதிரை இழுத்துவரும், ஹோஸை ஜன்னல் வழியாக வீட்டுக்குள் விடுவார்கள். ஆனால் கம்பளத்தின் மர்மம் அவிழ்ந்தது அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்துக் கேன்டன் நகரில். கடை ஒன்றில் துப்புரவு வேலை பார்த்த ஜேம்ஸ் முர்ரே ஸ்பேங்க்ளருக்கு ஆஸ்துமா. துடைப்பம் கிளப்பும் தூசியில் மூச்சு விட முடியாமல், விசிறி மோட்டார், தலையணை உறை, துடைப்பக் கழி ஆகியவற்றைக் கொண்டு தனக்காக ஒரு மெஷின் செய்துகொண்டார். அதில் உறிஞ்சும் விசிறியோடு சுழலும் பிரஷும் இருந்தது. 1908-ல் காப்புரிமை பெற்றார். அந்த உரிமையை வாங்கிய ஹூவர் நிறுவனம் 1926-ல் பிரஷோடு அடிக்கும் கட்டைகளையும் சேர்த்தது. மூச்சுத் திணறிய ஒரு தொழிலாளியின் கையில் இந்தக் கருவி பிறந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கும்.

வேகத்தை நான் நம்பியதுபோல வாட் எண்ணிக்கையை நம்பி வாங்குவோருக்கு ஐரோப்பா ஒரு பாடம். ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டம்பரில் 1600 வாட்டுக்கு மேற்பட்ட வாக்குவம் கிளீனர்களை விற்கத் தடை விதித்தது. 2017 செப்டம்பரில் அந்த வரம்பு 900 வாட்டுக்கு இறங்கியது. சத்தத்துக்கும் 80 டெசிபல் என்று எல்லை வைத்தார்கள். நிறுவனங்கள் வாய்ப்பகுதியையும் காற்றுப் பாதையையும் திருத்தி அமைத்துச் சமாளித்தன.

கம்பளத்தில் இன்னொரு தொல்லை, தள்ளவே முடியாமல் ஒட்டிக்கொள்வது. 28 சென்டிமீட்டர் நீளமும் 3 சென்டிமீட்டர் அகலமும் உள்ள வாய்க்கடியில் அழுத்தம் வளிமண்டலத்தைவிட இருபதில் ஒரு பங்கு குறைந்தாலே, வெளிக்காற்று அதை 4 கிலோவுக்கு மேல் பாரத்தோடு கம்பளத்தில் அமுக்கும். கைப்பிடியில் சின்னதாக ஒரு நழுவுமூடி இருக்கும். அதைத் திறந்தால் அந்த வழியாகக் கொஞ்சம் காற்று நுழைந்து பிடி தளரும். உறிஞ்சலைக் குறைத்தால்தான் கம்பளத்தில் வேகமாகப் போக முடிகிறது. ஆனால் எவ்வளவு வேகமாக? மெஷின்களைச் சோதிக்கும் ஆய்வகங்களில் வாயை நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில்தான் நகர்த்துகிறார்கள். வீட்டில் நாம் இழுக்கும் அவசரத்தை ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். ரோபோ மெஷின்கள் இதில் நம்மைவிடப் பொறுமையானவை. 2015-ல் வந்த ரூம்பா 980, தான் கம்பளத்தில் ஏறியதை உணர்ந்ததும் உறிஞ்சலை மட்டும் கூட்டிக்கொள்ளும். மொசைக்குக்குத் திரும்பியதும் தணித்துக்கொள்ளும்.

என் மெஷினுக்கு வருகிறேன். கடைக்காரர் காயிலைத் தொடவில்லை. துணிப்பையைக் கழற்றி உள்பக்கத்தை வெளியே திருப்பினார். குப்பை கால்வாசிகூட இல்லை. ஆனால் துணியின் மேல் வழவழவென்று வெள்ளையாக ஒரு பூச்சு. விரலால் தொட்டு முகர்ந்தார்.

"பூஜை ரூம்ல ஓட்டுறீங்களா சார்?"

விபூதி. கூடவே வாசற்படியின் கோலமாவு. மெட்ரோவுக்காக லஸ்ஸிலும் மந்தைவெளியிலும் தோண்டத் தொடங்கியதிலிருந்து ஜன்னல் வழியாக வரும் மண்ணும் சேர்ந்திருக்கும். நெல் உமி அளவுக் குப்பை பையில் தங்கிக் காற்றை விட்டுவிடும். சாம்பல் துணியின் கண்களுக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்துவிடும். பை நிறைவதற்கு வெகுகாலம் முன்பே மூச்சு நின்றுவிடுகிறது. இந்த மோட்டார் குளிர்வதும் உறிஞ்சும் அதே காற்றால்தான் என்பதால், மூச்சடைத்த மெஷின் குறைந்த மின்சாரத்திலும் சூடாகிறது. அந்தச் சூட்டை நான் மோட்டாரின் கிழட்டுத்தனம் என்று எண்ணியிருந்தேன்.

பையைத் தட்டி, துவைத்து, வெயிலில் நன்றாகக் காயவிட்டு மாட்டச் சொன்னார். ஹோஸின் முழங்கை வளைவில் கம்பி விட்டு ஒரு ஹேர்பின்னையும் அதில் திரிதிரியாகச் சுற்றியிருந்த முடியையும் எடுத்தார். வாயின் மேலிருந்த மிதிகட்டையைக் காட்டி, கம்பளத்தில் ஓட்டும்போது பிரஷை உள்ளே மடக்க வேண்டும் என்றார். நான் நாலு வருடமாக அதைத் தொட்டதே இல்லை. ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து பை காய்ந்ததும் மாட்டி, கைபேசியைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கம்பளத்தின் மேல் ஓட்டினேன். முன்பு குறித்து வைத்திருந்த அதிர்வெண்ணைவிட இப்போது கீழே நின்றது. முழு ஸ்வரம் இல்லை, அரை ஸ்வரம் இருக்கும். சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்து, "என்ன, மெதுவா ஓடுது?" என்று கேட்டாள். கம்பளத்தின் ஓரத்திலிருந்து மணல் சரசரவென்று ஹோஸுக்குள் ஏறிக்கொண்டிருந்தது.